பாடிய பாட்டையே மறுபடி பாடுவது ஏன்?

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள். வரியும் மெட்டும் எழுதியவருடையது ஒன்று. பதிவான ஒலியின் உரிமை, அதாவது மாஸ்டர், பெரும்பாலும் பாட்டை வெளியிடும் கம்பெனிக்குப் போய்விடும். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் சிக்கிக்கொண்டதும் மீண்டதும் இங்கேதான்.

அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் பிக் மெஷின் கம்பெனியிடம் இருந்தது. 2019இல் அந்தக் கம்பெனியே கைமாறியது; அடுத்த ஆண்டு மாஸ்டர்கள் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போயின. படத்திலோ விளம்பரத்திலோ ஒரு பாட்டைச் சேர்க்க இரு உரிமைக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியவர் என்ற முறையில் பழைய பதிவுக்கு மறுத்துவிட்டு, தான் புதிதாகப் பாடியதற்கு மட்டும் சம்மதம் தரலாம். அவருடைய பிடி அதுதான்.

ஒப்பந்தப்படி 2020 நவம்பருக்குப் பிறகே மறுபதிவு செய்ய முடிந்தது. 2021இல் ‘ஃபியர்லெஸ்’, ‘ரெட்’. 2023இல் ‘ஸ்பீக் நவ்’, ‘1989’. தலைப்பில் ‘டெய்லர்ஸ் வெர்ஷன்’ என்று இருந்தால் புதியது.

கஷ்டம் ஒலியில்தான். பதினெட்டு வயதுக் குரல் முப்பதில் திரும்பாது. அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த கன்ட்ரி பாட்டுகளில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. ‘1989’இன் சின்தசைசர் பாப்பில் பழைய பதிவின் தயாரிப்பாளர் மேக்ஸ் மார்ட்டின் இல்லாத குறை தெரிகிறது. ‘ஸ்டைல்’ தொடங்கும் கிட்டாரை இரண்டு பதிவிலும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், பழையதன் கூர்மை புதியதில் இல்லை. ஆனால் புதிய ‘ரெட்’டில் வந்த ‘ஆல் டூ வெல்’ பத்து நிமிட வடிவம் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது, அதை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது.

2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் அவரே வாங்கிவிட்டார்.