டெல்டாவில் ரோடு போட கிராவல் தேடி நாங்கள் பட்ட பாடு

மன்னார்குடி பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலை. டெண்டர், அக்ரிமென்ட் எல்லாம் சுலபமாகவே முடிந்தன. சாலைக்கு அடியில் கிராவலும் ஜல்லியும் போட்டு இறுக்கும் ஜி.எஸ்.பி. லேயருக்கு மெட்டீரியல் அப்ரூவல் வாங்குவதற்குள்தான் உயிர் போய்விட்டது.

நம்ம ஊரில் எங்கே தோண்டினாலும் களிமண்தான். ஜல்லி என்றால் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கமிருந்துதான் வர வேண்டும். கிராவலுக்கு வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் போனோம். ஒரு இடத்தில் யூனிட் விலை மற்றவர்களைவிட நன்றாகவே குறைவு. முதலாளி உடனே சரி என்றார். நனைத்துப் பிசைந்து பார்த்தேன், விரலில் ஒட்டியது. லேப் ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது: களியின் ஒட்டும் தன்மையைக் காட்டும் பி.ஐ. 6-ஐத் தாண்டக் கூடாது, இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கிரஷர் டஸ்ட் கலந்து பி.ஐ.யைக் கீழே கொண்டுவந்தோம். பாரம் தாங்கும் வலுவை அளக்கும் சி.பி.ஆர். சோதனைக்கு மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, 30-க்கு மேல் வந்த ரிப்போர்ட்டோடு துறை ஆபீசுக்குப் போனால், "சாம்பிள் எடுத்தப்ப எங்க ஆள் கையெழுத்து இல்லையே" என்றார் அங்கிருந்தவர். முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் என்றேன். "நீங்க கேக்கலையே!" அப்புறம் என்ன, மறுபடி சாம்பிள், மறுபடி ஊறல். சாம்பிள் மூட்டை கட்டும்போதே துறை ஆள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாம் டிப்பரில் வாங்குவது உதிரி அளவு. பில் வருவதோ ரோலர் ஓடி இறுகிக் குறைந்த கன மீட்டருக்கு. லீடு (தூரத்துக்கான வண்டிக் கூலி), இறக்கு கூலி, கலக்கும் செலவு எல்லாம் ஏற்றிப் பார்த்தால் அந்த மலிவு கிராவலும் தூரத்து ஜல்லியும் கிட்டத்தட்ட ஒரே விலை. குவாரி வாசல் விலையை மட்டும் பார்த்து யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் காசு மிச்சமானது அடியில் இருந்த மண்ணில். அதன் சி.பி.ஆர். 2, 3-தான். சாலை டிசைனுக்கான விதிநூல் ஐ.ஆர்.சி. 37 (2018) கேட்பது குறைந்தது 5. வெளியிலிருந்து மண் அடிப்பதற்குப் பதில் அதே களியில் சுண்ணாம்பு கலந்தோம். மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாத களி, மறுநாள் புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது! சி.பி.ஆர். ஏறியதால் மேலே ஜி.எஸ்.பி. கனமும் குறைந்தது. டிசைன் திருத்தத்துக்கு ஒப்புதல் வந்த அன்று முதலாளியே டீ வாங்கித் தந்தார்.

சுண்ணாம்பு வாங்கும்போது கால்சியம் ஆக்சைடு 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று டெஸ்ட் செய்யுங்கள். வெள்ளையடிக்கிற தூளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் வேலை என்றால் மண்ணில் சல்பேட் எவ்வளவு என்று பார்க்காமல் கலக்கவே வேண்டாம், பிறகு உப்பிக்கொள்ளும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் வாய்க்காலோரம் ஈரம் ஏறிவிடும். அடி லேயர்களை அதற்குள் முடித்துவிடுங்கள். டிப்பர் கிளம்பும் முன் நடைச்சீட்டில் (குவாரிச் சரக்கை ஏற்றிவர அனுமதிச் சீட்டு) தேதி, நேரத்தைப் பாருங்கள். நேரம் முடிந்த சீட்டோடு வந்த எங்கள் வண்டி ஒன்று ராத்திரி முழுக்க வழியிலேயே நின்றது.