கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டினால்

நேற்று பக்கத்துத் தெருத் தம்பி புது கிளாம்ப் மீட்டரோடு வந்தான் (வயரை வெட்டாமல், இடுக்கி மாதிரி வாயால் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கருவி அது). "அண்ணா, ஃபிரிட்ஜ் ஓடுது, மீட்டர் 0 காட்டுது. பழுதா?"

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த முழு வயரையும் மீட்டரின் வாய்க்குள் விட்டிருந்தான். பேஸில் போகும் கரண்ட் அதே அளவில் நியூட்ரலில் திரும்புகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் வயரை மட்டும் தனியே பிடிக்க வேண்டும்.

கரண்ட் மிகக் குறைவா? அந்த ஒற்றை வயரை வாய் வழியாக 10 சுற்று சுற்றி, வரும் எண்ணை 10-ஆல் வகுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை இது.

அப்புறம், 230 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியதும் வாட் வந்துவிடாது. மோட்டாருக்கு பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்குத்தொகையில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்குங்கள்.

ஃபிரிட்ஜ் வயரை மட்டும் வெட்டிப் பிரிக்காதீர்கள், தம்பிகளா. பேஸ் வயர் அதன் இன்சுலேஷனோடு தனியாக வெளியே வரும்படி ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒன்று செய்து கொடுத்தேன்.