லெட் என்றால் விடுவதா, தடுப்பதா?

"ரெண்டுக்கும் அர்த்தம் தடைதான்னா, ஒண்ணை எடுத்துடலாமே சார்" என்று என்னோடு பத்திரம் மொழிபெயர்க்கும் பையன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலக் கிரயப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்ற இடத்தில் 'வாடகைக்கு விடாமலும் இடையூறு இல்லாமலும்' என்று எழுதியிருந்தான். தெருவுக்குத் தெரு டு-லெட் போர்டு தொங்கும் ஊரில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுத்து வீடு வாங்கியவர் அதை வாடகைக்கு விடக்கூடாது என்று நாமே நிபந்தனை போட்டதுபோல் ஆகிவிடுமே.

இது வேறு லெட் என்றேன். பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி வினைகள் இருந்தன. ஒன்று விடுவது, அனுமதிப்பது. மற்றது 'லெட்டன்', தடுப்பது, தாமதிக்க வைப்பது. நாம் தினமும் சொல்லும் 'லேட்' அதற்குச் சொந்தம். காலப்போக்கில் இரண்டும் ஒரே உச்சரிப்புக்கு வந்து, எதிரெதிர் அர்த்தங்கள் ஒரே சொல்லில் குடியிருந்தன. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் முதல் அங்கத்தில், ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ளும்போது, என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான் ஹாம்லெட், அதாவது தடுப்பவனை. 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே அர்த்தத்தில் வருகிறது. அப்புறம் அந்த வினை வழக்கொழிந்து, பெயர்ச்சொல்லாக மட்டும் சட்ட வாசகங்களில் ஒட்டிக்கொண்டது. நம் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் இருக்கும் வேண்டுகோளிலும் இந்தத் தொடர் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான், லெட், ஹிண்ட்ரன்ஸ் ரெண்டும் தடைதானே, ஒன்றை எடுத்துவிடலாமே என்று கேட்டான். மூலத்தில் உள்ளதை வெட்ட நமக்கு உரிமை இல்லை, பத்திர மொழி இரட்டித்துத்தான் பேசும், தமிழில் மட்டும் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' (மகன், பேரன் என வழிவழியாக), 'தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' (தானம் கொடுக்கவும் விற்கவும் உரிமையோடு) என்று எழுதுவதில்லையா என்றேன். "அதையும் யாரும் படிக்கிறதில்லையே சார்" என்றான்.

அதற்கு என்ன சொல்வது? 'எவ்விதத் தடையும் இடையூறும் இன்றி' என்று திருத்திக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளன் செய்ய வேண்டியது அவ்வளவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கே புரியாத ஒரு சொல்லுக்கு நான் ஏன் அவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கினேன் என்பதுதான் உறுத்துகிறது. பழைய சொல் மீதுள்ள ஆசையைத் தொழில் ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டேனோ என்னவோ. இத்தனைக்கும் நானே ஆங்கிலத்தில் வரைவு எழுதினால் ஹிண்ட்ரன்ஸ் மட்டும்தான் போடுவேன், லெட் போடுவதில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருக்கிறேன்.