பந்தில் காற்று குறைந்த கதை: சில நாட்குறிப்புகள்

மே 7, 2015
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் விசாரணைக்கு அமர்த்திய வழக்கறிஞர் டெட் வெல்ஸின் அறிக்கை நேற்று வந்தது. 243 பக்கம். பாஸ்டனில் இன்று யாரும் ஒழுங்காக வேலை பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 18 அன்று பாஸ்டன் அருகே ஃபாக்ஸ்பரோவில் எங்கள் ஊர் பேட்ரியாட்ஸ் அணி கோல்ட்ஸை 45-7 என்று துவைத்து எடுத்ததே, அந்த ஆட்டத்துப் பந்துகள்தான் விவகாரம். அமெரிக்கக் கால்பந்தில் அந்தந்த அணி தன் பந்தைத் தானே கொண்டுவரும். காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐக்குள் (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அளவு) இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மழையில் பிடி நன்றாகக் கிடைக்கும். அணி ஊழியர் இருவர் காற்றை இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம், அது அணியில் பந்தை எறியும் முக்கிய வீரர் டாம் பிரேடிக்கு ஓரளவாவது தெரிந்திருக்கவும் வாய்ப்பு அதிகம் என்கிறது அறிக்கை. ஊகத்தின் தலையில் இன்னொரு ஊகம்.

மே 9
குளிரில் பந்தின் காற்றழுத்தம் தானாகவே இறங்கும். எவ்வளவு என்று பார்க்கப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அறைக்குள் 71 டிகிரி ஃபாரன்ஹீட், மைதானத்தில் 48 என்று வைத்துக்கொண்டால் 12.5 பிஎஸ்ஐ பந்து தானாகவே 11.32க்கு இறங்கிவிடும். யாரும் ஊசி குத்தத் தேவையில்லை. வெல்ஸ் அமர்த்திய எக்ஸ்போனன்ட் நிறுவனமும் 11.32 முதல் 11.52 வரை இருக்கலாம் என்றே சொல்கிறது.

இடைவேளையில் பேட்ரியாட்ஸின் 11 பந்துகளை இரண்டு கேஜ்களால் (காற்றழுத்தம் பார்க்கும் கருவி) அளந்தார்கள். ஒன்றில் சராசரி 11.49, இன்னொன்றில் 11.11. பெட்ரோல் பங்குக்குப் பங்க் டயர் காற்றின் அளவு மாறுகிற மாதிரிதான் இதுவும். இரண்டில் லோகோ போட்ட கேஜ் எப்போதும் கூடுதலாகவே காட்டும். நடுவர் வால்ட் ஆண்டர்சன் ஆட்டத்துக்கு முன் அதைக்கொண்டு அளந்திருந்தால் 11.49 கணக்குக்குள் வந்துவிடுகிறது, குற்றமே இல்லை. மற்றதென்றால் 11.11 என்பது 11.32ஐவிட 0.2 குறைகிறது.

லோகோ கேஜ்தான் என்று நினைவு என்கிறார் ஆண்டர்சன். இல்லை, மற்றதாகத்தான் இருக்கும் என்கிறார் வெல்ஸ். இரு அணிகளும் தாங்கள் அடைத்ததாகச் சொன்ன அளவுகளோடு நடுவர் பார்த்த அளவு ஒத்துப்போகிறது, லோகோ கேஜ் என்றால் ஒத்துப்போகாது என்பது அவர் வாதம். வாதம் மோசமில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் எந்த அளவையும் யாரும் எழுதி வைக்கவே இல்லை. அந்த எண்களுக்கு ஆண்டர்சனின் நினைவு செல்லும், கேஜுக்கு மட்டும் செல்லாதாம்!

கோல்ட்ஸ் பந்துகள் அவ்வளவு இறங்கவில்லையே என்பார்கள். நேரம் போதாமல் நாலே நாலைத்தான் அளந்தார்கள். அதுவும் கடைசியில் அளந்திருந்தால், அறைச் சூட்டில் காற்று ஏறியிருக்கும்.

மே 12
பிரேடிக்கு நாலு ஆட்டம் தடை. அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்பும் போச்சு.

மே 14
ஊழியர் ஒருவர் குறுஞ்செய்தியில் தன்னையே "காற்றிறக்கி" என்று சொல்லிக்கொண்டது உடம்பைக் குறைப்பதைப் பற்றியாம். அணியின் வழக்கறிஞர்கள் எழுத்தில் தந்த விளக்கம் இது. சிரித்து முடியவில்லை. அவர்தான் பந்துப் பைகளோடு கழிவறைக்குள் போய் 1 நிமிடம் 40 விநாடி இருந்தவர். கேமராவில் பதிவாகியிருக்கிறது. என் கணக்கு எதுவும் அந்தக் கதவைத் திறக்காது.

ஜூலை 29
பிரேடியின் மேல்முறையீட்டை லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் நேற்று தள்ளிவிட்டார். பிரேடி தன் பழைய செல்போனை அழிக்கச் சொன்னாராம், அதுவும் வெல்ஸ் தரப்பு அவரை விசாரித்த நாளை ஒட்டி. போன் மாற்றினால் பழையதை அழிப்பது வழக்கம் என்கிறார். இருக்கட்டுமே, அந்த வாரம் மட்டும் மறந்திருக்கக் கூடாதா? இனி கேஜ் பற்றி எவன் பேசப் போகிறான்.

செப்டம்பர் 3
நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். இப்படியொரு தண்டனை வரலாம் என்று பிரேடிக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பது முக்கியக் காரணம். காற்று இறங்கியதா இல்லையா என்பதற்குள் அவர் போகவில்லை.

ஏப்ரல் 25, 2016
மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. வீரர் சங்கம் லீக்கோடு போட்ட ஒப்பந்தமே ஆணையருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதாம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். இங்கேயும் கேஜ் பேச்சில்லை.

ஜூலை 15
பிரேடி வழக்கு போதும் என்று விட்டுவிட்டார். செப்டம்பரில் அரிசோனாவில் நடக்கும் முதல் ஆட்டத்தில் அவர் இல்லை.

போன சீசனில் லீக் திடீர்ச் சோதனை என்று பந்துகளை அளந்தது. அந்த எண்களைக் கேட்டதற்கு, அது ஆராய்ச்சி இல்லை, வெறும் சோதனைதான் என்று குடெல் முடித்துக்கொண்டார். எனக்கு எல்லாம் வேண்டாம், குளிரில் நடந்த ஒரே ஒரு ஆட்டத்தின் இடைவேளை எண்கள் போதும்.