டிசம்பர் 26: பெட்டியா, முடியப்பரா, இரண்டாம் நாளா?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு டிசம்பர் 26 என்றால் மெல்போர்ன். நம் நேரப்படி விடிகாலை 5 மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். அந்த டெஸ்ட் வழியாகத்தான் ‘பாக்ஸிங் டே’ என்ற பெயர் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தது. வந்த பெயர் அதோடு நிற்கவில்லை. ஜெர்மனியைப் பற்றி எழுதினாலும் போலந்தைப் பற்றி எழுதினாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளை ‘பாக்ஸிங் டே’ என்றே போட்டுவிடுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிரிட்டனிலும் அதன் ஆட்சியில் இருந்த பல நாடுகளிலும் வழங்கும் பெயர் அது. மற்ற ஊர்களின் பெயர்கள் அந்தந்த ஊர் மக்கள் அன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்பவை. பெயரை மாற்றினால் அந்தச் செய்தி போய்விடும்.

முதலில் பெட்டி. குத்துச்சண்டைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்பது வருடம் முழுக்க வேலை செய்தவர்களுக்குப் பண்டிகையை ஒட்டிக் கொடுக்கும் இனாம். தபால்காரருக்கும் பால்காரருக்கும் நாம் கொடுக்கும் தீபாவளி இனாமை நினைத்துக்கொண்டால் போதும். முன்பு இங்கிலாந்துக் கடைகளில் தொழில் பழகும் பையன்கள் மண் உண்டியல் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர்கள் போடும் காசு அதில் சேரும், பண்டிகை முடிந்ததும் உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நாட்குறிப்புக்குப் பேர்போன லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1663 டிசம்பர் 19-ஆம் தேதிக் குறிப்பில், செருப்புக்காரரின் கணக்கைத் தீர்த்துவிட்டுப் பையன்களின் பெட்டியில் கொஞ்சம் காசு போட்டதாக எழுதியிருக்கிறார். தேவாலயத்து ஏழைகள் உண்டியலை 26-ஆம் தேதி திறந்து பங்கிட்டதால் வந்த பெயர் என்றும், கிறிஸ்துமஸ் அன்று பெரிய வீடுகளில் உழைத்த பணியாட்கள் மறுநாள் பெட்டியில் பலகாரத்தோடு சொந்த ஊர் போனதால் வந்தது என்றும் வேறு விளக்கங்கள் உண்டு. எனக்கு இனாம் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, எழுத்துச் சான்று அதற்குத்தான் கூடுதல்.

1871-இல் பிரிட்டனில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தபோது இந்த நாள் சட்டப்படி விடுமுறையானது. இப்போதைய விதியில் ஒரு நுணுக்கம் உண்டு: 26 சனிக்கிழமையில் விழுந்தால் விடுமுறை திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகும். 2026-இல் அப்படித்தான், 28-ஆம் தேதி திங்களும் பிரிட்டனில் விடுமுறை. கனடாவில் இது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்ராறியோவில் விடுமுறை, கியூபெக்கில் கிடையாது. ரொறன்ரோத் தமிழர்களிடம் ‘பொக்சிங் டே’ என்றால் தள்ளுபடி விற்பனை என்றுதான் அர்த்தம். தெற்கு ஆஸ்திரேலியாவில் அதே நாள் ‘பிரகடன நாள்’ விடுமுறை. 1836 டிசம்பர் 28-இல் கிளெனெல்கில் குடியேற்ற அரசு அறிவிக்கப்பட்டதன் நினைவு அது. உண்மையான தேதி 28, விடுமுறை மட்டும் 26-இல்.

தென்னாப்பிரிக்காவில் பெட்டியே இல்லை. 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டத்தில் அந்த நாள் ‘நல்லெண்ண நாள்’. விடுமுறை ஞாயிறில் விழுந்தால் அடுத்த திங்கள் விடுமுறை என்பது அங்கே விதி. 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அடுத்த திங்களோ ஏற்கெனவே நல்லெண்ண நாள். ஒரு விடுமுறை காணாமல் போகும் நிலை. கடைசியில் குடியரசுத் தலைவர் 27-ஆம் தேதியைத் தனியாக விடுமுறையாக அறிவிக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பாவின் வடக்கிலும் நடுவிலும் பெயர் வெறும் எண். ஜெர்மனியில் ‘இரண்டாம் கிறிஸ்துமஸ் விடுமுறை’, நெதர்லாந்தில் ‘ட்வேடெ கெர்ஸ்ட்டாக்’, நார்வேயில் ‘ஆந்த்ரெ யூலெடாக்’, ஸ்வீடனில் ‘அன்னன்டாக் யூல்’, எல்லாமே இரண்டாம் நாள்தான். எண்ணிக்கை 25-இல் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பரிசு கொடுப்பதும் குடும்ப விருந்தும் 24 மாலையே நடப்பதால், 24-ஐ முதல் நாளாக எண்ணி 25-ஐ இரண்டாம் நாள் என்று மொழிபெயர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: 24 மதியம் கடைகள் மூடினால் 27 காலைதான் திறக்கும். 27 ஞாயிறாக இருந்தால் 28 வரை காத்திருக்க வேண்டும். 2020-இல் அப்படி ஆனது, 2026-இலும் ஆகும். அரிசி, பால், காய்கறி எல்லாம் 23-ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். 24 காலை வரிசை நீளமாக இருக்கும்.

பிரான்ஸில் இந்த எண் ஒரு எல்லைக்கோட்டையே காட்டிக்கொடுக்கிறது. நாடு முழுக்க 26 வேலைநாள், அல்சாஸிலும் மோசெல்லிலும் மட்டும் விடுமுறை. 1871 முதல் 1918 வரை அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. ஆட்சி போன பிறகும் விடுமுறை தங்கிவிட்டது.

மூன்றாவது வகைப் பெயர் ஒரு மனிதருடையது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மேற்குத் திருச்சபை நாட்காட்டியில் டிசம்பர் 26 ஸ்தேவானின் திருநாள். கிரேக்கத்தில் ‘ஸ்தெஃபனோஸ்’ என்றால் மாலை அல்லது முடி. அதை அப்படியே தமிழாக்கி ‘முடியப்பர்’ என்று வைத்தார்கள் நம் பழைய கத்தோலிக்கர்கள். இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்), அருளப்பர் (யோவான்) வரிசையில் வந்த அழகான பெயர். ஊரில் யாராவது முடியப்பன் என்று இருந்தால் அவர் ஸ்டீபன்தான். ஆதித் திருச்சபையில் கைம்பெண்களுக்கு அன்றாட உணவு பங்கிடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் முதல் பெயர் இவருடையது. பிறகு கல்லெறிந்து கொல்லப்பட்டார். உணவு பங்கிட்டவரின் நாளில்தான் இங்கிலாந்துக்காரர்கள் பெட்டி நிரப்பிக் கொடுத்தார்கள்.

இத்தாலியில் ‘சாந்தோ ஸ்தெஃபனோ’, ஆஸ்திரியாவில் ‘ஸ்டெஃபானிடாக்’, பின்லாந்தில் ‘தபனின்பைவா’ (தபனி என்றால் ஸ்டீபன்), செர்பியாவில் ‘ஸ்தெவன்தான்’. செர்பியத் தேதியில் சிக்கல் உண்டு. கிழக்குத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையில் 26 மரியாளுக்கு உரியது, ஸ்தேவானுக்கு 27. பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றுவதால் செர்பியர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வரும், ஸ்தேவான் ஜனவரி 9-இல். பெயரை வைத்து 26 என்று எழுதினால் இரண்டு வாரம் பிசகும். பின்லாந்தில் அன்று குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஊர்வலம் போவது பழக்கம், ஸ்லோவேனியாவில் குதிரைகளைத் தேவாலயத்துக்கு ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். ஸ்லோவேனியாவில் அதே நாள் அரசியல் நாளும்கூட: 1990 டிசம்பர் 23-இல் நடந்த விடுதலை வாக்கெடுப்பின் முடிவு 26-இல் வெளியானது.

அயர்லாந்தில் போய் ‘பாக்ஸிங் டே’ என்றால் உடனே திருத்துவார்கள், அங்கே ‘செயின்ட் ஸ்டீஃபன்ஸ் டே’. ஐரிஷ் மொழியில் இன்னொரு பெயர், ‘லா அன் த்ரோலின்’, ரென் குருவியின் நாள். பத்து கிராம் எடைகூடத் தேறாத பழுப்புப் பறவை அது. கிராமத்தார் ‘ரான்’ என்பார்கள். முன்பெல்லாம் அதை வேட்டையாடிக் கம்பின் உச்சியில் கட்டி, வீடு வீடாகப் போய்ப் புதைக்கக் காசு கேட்டுப் பாடுவார்கள். இப்போது கம்பில் இருப்பது பொம்மைக் குருவி. ஒளிந்திருந்த ஸ்தேவானைக் கத்திக் காட்டிக்கொடுத்தது இந்தக் குருவிதான் என்று ஒரு கதை. கழுகின் முதுகில் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் விட உயரப் பறந்து பறவைகளுக்கு ராஜாவானது என்று இன்னொன்று. கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் ஊரில் இன்றும் தெருவுக்கு ஒரு குழு உண்டு. வைக்கோல் உடையும் முகம் மூடும் வைக்கோல் கூம்பும் போட்டுக்கொண்டு, முரசும் குழலும் முழங்க நாள் முழுக்கச் சுற்றுவார்கள். பார்க்கப் போகிறவர்கள் சில்லறை வைத்திருங்கள், தொகை நற்காரியங்களுக்குப் போகும்.

ஸ்பெயினின் பெரும்பகுதியில் 26 சாதாரண நாள். கட்டலோனியாவிலோ ‘சான்ட் எஸ்தேவா’, அன்றைக்குச் சாப்பாடு கனலோன்ஸ், கறிப் பூரணம் வைத்துச் சுருட்டிய பாஸ்தா குழல். கிறிஸ்துமஸ் அன்று பெரிய பானையில் கோழி, மாடு, பன்றி, உருண்டைக்கறி எல்லாம் சேர்த்து வேகவைத்த ‘எஸ்குதெயா’ சூப் வைப்பார்கள். மிஞ்சிய கறிதான் மறுநாள் பூரணம். பாஸ்தா குழலை 19-ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவுக்கு வந்த இத்தாலியச் சமையல்காரர்கள் பழக்கினார்கள்.

நான்கு பேருக்கு 20 குழல், அளவு இப்படி: எலும்பு நீக்கிய வெந்த கறி 600 கிராம், பெரிய வெங்காயம் 2, பாலில் ஊறிய ரொட்டித் துண்டு 1, மெல்லிய சதுர பாஸ்தா தாள் 20. வெள்ளைச் சாஸுக்கு வெண்ணெய் 75 கிராம், மைதா 75 கிராம், பால் 1 லிட்டர், ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. வெங்காயத்தைச் சிறு தீயில் 20 நிமிடம், பொன்னிறம் தாண்டாமல் வதக்குங்கள். கறியைச் சேர்த்துக் கொஞ்சம் கிளறி, ஆறவிட்டு, ரொட்டியோடு கொரகொரப்பாக அரைக்க வேண்டும். விழுதாக்கிவிட்டால் வாயில் களிபோல் ஒட்டும். வெண்ணெயில் மைதாவை இரண்டு நிமிடம் வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, கொதி வந்தபின் பத்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை மாவு வாசனை போகாது. அந்தச் சாஸில் நான்கு கரண்டி எடுத்துப் பூரணத்தில் சேர்த்துவிடுங்கள். வேகவைத்த கறியின் சாறு சூப்பில் இறங்கிவிட்டதால் பூரணம் வறண்டிருக்கும், சாஸ் இல்லாவிட்டால் உதிரும்.

தாள்களை உப்பு நீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. ஈரத்தோடு சுருட்டினால் அடுப்பில் தண்ணீர் விட்டுச் சாஸ் திரிந்ததுபோல் ஆகிவிடும். தாளுக்கு ஒரு குவியல் மேசைக்கரண்டி பூரணம், மடிப்பு கீழே இருக்கும்படி அடுக்கி, ஓரம் தெரியாமல் சாஸை ஊற்றுங்கள். மூடாத ஓரம் அப்பளம்போல் விறைக்கும். மேலே துருவிய சீஸ், 200 டிகிரியில் 20 நிமிடம், கடைசி மூன்று நிமிடம் மேல் சூட்டில் சிவக்கவிடுங்கள். நம்மூரில் சதுரத் தாள் கிடைக்காவிட்டால் லசான்யா தாளை வேகவைத்துப் பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

தமிழ்க் கடற்கரைக்கு இந்த நாள் 2004-இல் வேறு பெயர் வாங்கிவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பாக்ஸிங் டே சுனாமி’ என்று எழுதின. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்க முடியாது, சுனாமி வந்த நாள், அவ்வளவுதான். ஈழத்தில் ஆழிப்பேரலை நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்பத்தின் விழா, அது 26-இல் விழும் ஆண்டில் முடியப்பர் திருநாள் ஒதுங்கிக்கொள்ளும். சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரம் காலை 6.28-க்குப் பிறகு. அலை வந்தபோது கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் வேளாங்கண்ணியில் இருந்தார்கள். இலங்கையில் டிசம்பர் 26 இப்போது தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25-க்குத் தொடங்கி இரண்டு நிமிடம் நாடு மௌனமாக நிற்கும்.