விரல் போன கதை

என் மாமியார் ஜமைக்காவில் பிறந்தவர். அவருடைய தாத்தாவுக்கு இடது காலில் மூன்று விரல்கள் கிடையாது. 'ஜெர்மன்காரன் குண்டு' என்றுதான் வீட்டில் பேச்சு. முதல் உலகப் போருக்குப் போனவர் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. லண்டனில் இருக்கிறோம், கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஒரு ரயில் தூரம்தான், நான் தேடித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

1915இல் தொடங்கிய பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படைப்பிரிவில் சேர்ந்த பதினையாயிரத்துச் சொச்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கு ஜமைக்காக்காரர்கள். அதில்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்த அட்டைகள் உள்ள டபிள்யூஓ 372 வரிசையில் (டபிள்யூஓ என்றால் War Office, அந்தக் காலப் போர் அலுவலகம்) பெயரைப் போட்டேன். அதே பெயரில் பதினொரு பேர்! அப்பா பெயரோ பிறந்த ஊரோ அட்டையில் இருக்காது. சரி, பட்டாளம் போன வழியிலாவது தேடுவோம் என்று எகிப்து, பாலஸ்தீனம், இத்தாலி எனப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்புகளின் பின்னாலேயே மூன்று சனிக்கிழமை அலைந்தேன். சாதாரணச் சிப்பாயின் பெயரை அவற்றில் எழுதுவது அபூர்வம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

படைவீரர்களின் பணிக் கோப்புகள் டபிள்யூஓ 363. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன. மிஞ்சியதிலும் அவர் இல்லை.

விட்டுவிடலாம் என்றிருந்தபோது, விரல் கதையைக் கேட்ட வாசக அறை ஊழியர் ஒருவர், "அப்படியானால் 364 பார்த்தீர்களா?" என்றார். நோய், காயத்தால் விலக்கப்பட்டவர்களின் ஓய்வூதியத் தாள்கள், தீயில் சிக்காதவை. அங்குள்ள கணினியில் இலவசமாகவே பார்க்கலாமாம். இந்த மாதிரி ஆவணங்களைக் காட்டும் இணையதளத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு மாதம் சந்தா கட்டியிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

இருந்தார். குடும்பப் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், அவ்வளவுதான். தாயார் பெயரும் ஊரும் பொருந்தின. விலக்கிய காரணம்: பனிக்கடி (கடுங்குளிரில் சதை உறைந்து செத்துப்போவது). இடம்: ஹாலிஃபாக்ஸ்.

கனடாவில் இவருக்கு என்ன வேலை? 1916 மார்ச்சில் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய வெர்டாலா என்ற கப்பலை, நீர்மூழ்கிகளுக்குப் பயந்து வடக்கே ஹாலிஃபாக்ஸுக்குத் திருப்பியிருக்கிறார்கள். வழியில் பனிப்புயல். கப்பலில் கணப்பு இல்லை. பையன்கள் உடம்பில் வெயில் நாட்டு மெல்லிய உடுப்பு. ஆயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் 600 பேர் குளிரில் பாதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விரலோ பாதமோ வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு ஜெர்மன்காரனைக்கூடப் பார்க்காமலே தாத்தாவின் போர் முடிந்துவிட்டது.

இதே வேலையில் இறங்குபவர்கள் பதக்கத்தில் தொடங்க வேண்டாம். வீட்டில் ஊனம், தழும்பு, இருமல் என்று ஏதாவது பேச்சு இருந்தால் முதலில் 364. பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்கள்.

தாளின் நகலை நீட்டியபோது மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தாத்தா ஆகஸ்ட் வெயிலிலும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குவார் என்றார்.