அத்தானுக்குப் போன ‘டியர் பிரதர்’

ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் சும்மா கோல் எடுக்கிற ஆள் இல்லை. நல்லநாள் பெருநாள், அல்லது ஊரில் யாராவது மோசம்போன செய்தி, அதற்குத்தான் எடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எடுத்தார். நான் வெள்ளவத்தையில் வீட்டுக் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“என்னடா, அம்மாவின்ர விசாக் காசை ஆரோ ஒராளின்ர எக்கவுண்டுக்குப் போடச் சொல்லி எழுதியிருக்கிறாய்?”

நான் அப்படி எதுவும் எழுதவில்லை. ஸ்க்ரீன்ஷொட் அனுப்பச் சொன்னேன். என்னுடைய ஜிமெயில் முகவரியில் இருந்துதான் போயிருந்தது. பிழையில்லாத, கம்பனிக் கடிதம் மாதிரியான ஆங்கிலம். அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏதோ சிக்கலாம், அதனால் இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பட்டாம். தொடக்கம் ‘டியர் பிரதர்’. அத்தானை நான் பிறந்தது முதல் பிரதர் என்று கூப்பிட்டதில்லை. மெயில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் அத்தான் என்று போட்டுத்தான் தொடங்குவேன். அந்தச் சொல் இடறித்தான் அவர் கோல் எடுத்திருக்கிறார். காசு தப்பியது அதனால்தான். என் கெட்டித்தனம் அதில் துளியும் இல்லை.

என்னுடைய ‘சென்ட்’ பெட்டியில் அந்த மெயிலே இல்லை. அனுப்பிவிட்டு அழித்திருக்கிறார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றியதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் அடுத்த மூன்று நாளையும் வீணாக்கியது. ஏனென்றால் மிச்ச நேரம் முழுவதும் நான் கள்ளனைப் போனுக்குள் தேடினேன்.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே சாட்சிதான். போன் சூடாவதும் சாட்சி, பற்றரி மத்தியானத்துக்குள் இறங்குவதும் சாட்சி. அது மூன்று வருடப் பழைய போன், பற்றரி இறங்காமல் என்ன செய்யும் என்று அப்போது தோன்றவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் விசயத்தைப் போட்டேன். ஆளாளுக்கு வைத்தியம். மச்சாள் ஒருத்தி *#21# அடித்துப் பார்க்கச் சொன்னாள். அடித்தேன், அழைப்புகள் எங்கும் திருப்பப்படவில்லை என்று வந்தது. பிறகு *#62# அடிக்கச் சொன்னாள். அதில் நான் அறியாத ஒரு இலக்கம் வந்தது. நெஞ்சு பக்கென்றது. அரை மணித்தியாலம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் சிம் கம்பனிக்கு எடுத்துக் கேட்டால், போன் நிற்பாட்டியிருக்கும்போது வரும் அழைப்புகள் போகிற அவர்களுடைய சொந்த இலக்கமாம் அது. எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தானாம். இதை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சொல்லி எத்தனை வீடியோக்கள் சுற்றுகின்றன!

அடுத்த நாள் பம்பலப்பிட்டியில் ஒரு போன் கடைக்குப் போனேன். பையன் போனை வாங்கி இரண்டு தரம் விரலால் தள்ளிப் பார்த்தான். “வைரஸ் இருக்கு அண்ணா, போர்மட் அடிக்கோணும்” என்றான். என்ன வைரஸ் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 4,000 ரூபா. கொடுத்தேன். பயந்தவனிடம் எதையும் விற்கலாம்.

போன் வெறுமையாகத் திரும்பி வந்தது. வட்ஸ்அப்பை ஏற்றினால், கடைசி பேக்கப் மூன்று கிழமைக்கு முந்தியது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி எப்போதோ நிரம்பிப் போயிருந்தது. பேக்கப் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்பிய மூன்று கிழமைக் குரல் பதிவுகள் போய்விட்டன. பெரிய விசயம் ஒன்றுமில்லை, முருங்கைக்காய் விலையும் பக்கத்து வீட்டு நாயும்தான். ஆனாலும் அந்தக் கள்ளன் மேல் வந்ததை விடக் கூடுதலான கோபம் எனக்கு என்மேல் வந்தது.

அப்புறம்தான் அந்த இடி. அன்றிரவு அத்தான், “இப்ப எல்லாம் சரியோ எண்டு பாக்க ஒரு மெயில் போட்டனான், கிடைச்சுதோ?” என்று கேட்டார். கிடைக்கவில்லை. ஸ்பாம் பெட்டியிலும் இல்லை. திரும்பப் போட்டார். அதுவும் இல்லை. புது பாஸ்வேர்ட், கழுவித் துடைத்த போன், ஆனால் மெயில் வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் ஐடி பகுதி நண்பரிடம் சொன்னேன். சிங்களவர், தமிழ் பாதி சிங்களம் பாதியாகக் கதைப்பார். அவர் முதலில் செய்தது, தன் முகவரியில் இருந்து எனக்கு ஒரு மெயில் போட்டது. ‘டிங்’ என்று வந்து விழுந்தது. “மச்சான், என்னோடது வருது, அவரோடது மட்டும் வரல்ல. வைரஸ் ஆள் பார்த்து வேலை செய்யாது. யாரோ சொல்லி வச்சிருக்கான்” என்றார். பிறகு, “போன்ல பார்க்க ஏலாது, கொம்பியூட்டர்ல திற.”

இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. பில்டர் என்றால், வருகிற மெயிலை என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் கட்டளை. போனில் இருக்கும் ஜிமெயில் செயலியில் அது தெரிவதில்லை. கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, ‘சீ ஓல் செட்டிங்ஸ்’ போய், ‘பில்டர்ஸ்’ என்ற பகுதிக்குள் போனால்தான் தெரியும். நான் வாழ்க்கையில் ஒரு பில்டரும் போட்டதில்லை. அங்கே இரண்டு இருந்தன.

முதலாவது: அத்தானின் முகவரியில் இருந்து எது வந்தாலும் இன்பொக்ஸுக்குள் விடாமல், வாசித்ததாகக் குறித்து, இன்னொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடு. அந்த இன்னொரு முகவரி என் பெயரேதான். ஒரேயொரு எழுத்து மட்டும் இரண்டு தரம். கண்ணாடி போடாமல் பார்த்தால் நானே என்னுடையது என்பேன். இரண்டாவது: கூகுளின் பாதுகாப்பு எச்சரிக்கை மெயில்கள் வந்தால் அழித்துவிடு.

‘ட்ராஷ்’ பெட்டியைத் திறந்தோம். ஜிமெயில் அழித்தவற்றை 30 நாள் அங்கே வைத்திருக்கும். அத்தானின் இரண்டு சோதனை மெயில்களும் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, ‘ஆர் யூ ஷுவர்?’ என்று அத்தான் கள்ளனிடம் கேட்ட பதில். அதற்கும் கீழே, மூன்று கிழமைக்கு முந்திய திகதியில், புதிய கருவி ஒன்றில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டுள்ளது என்று கூகுள் எனக்கு எழுதிய கடிதம். என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வந்தவனைக் குப்பைத் தொட்டிக்குள் கண்டது மாதிரி இருந்தது.

பாஸ்வேர்ட் மாறினால் கள்ளன் உள்ளே வர முடியாது, சரி. ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன பில்டர் கணக்கோடு சேர்ந்தது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். போனைப் போர்மட் அடித்தால் என்ன, கடலில் வீசினால் என்ன.

கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் கடந்த 28 நாட்களில் உள்ளே இருந்த கருவிகள் தெரியும். முதல் நாளே நான் அதைப் பார்த்திருந்தேன். ரஷ்யா, நைஜீரியா என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ‘விண்டோஸ், கொழும்பு, இலங்கை’ என்றுதான் இருந்தது. நானும் கொழும்பு, என் அலுவலகக் கொம்பியூட்டரும் கொழும்பு என்று விட்டுவிட்டேன். இப்போது திகதியைத் தட்டிப் பார்த்தேன். அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு அலுவலகம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அம்மாவின் விசாவுக்கு வங்கிக் கூற்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் பிரதி எல்லாம் பிரிண்ட் எடுக்க காலி வீதியில் ஒரு கொமினிகேஷனுக்குள், அதாவது பிரிண்ட், கொப்பி எடுக்கிற கடைக்குள், ஓடினேன். உள்ளே டியூசன் பிள்ளைகள் நிறைந்து நின்றார்கள். மூலையில் இருந்த கொம்பியூட்டரைக் காட்டி, “லொகின் பண்ணி நீங்களே குடுங்கோ” என்றார்கள். கொடுத்தேன். கடதாசிகளை எண்ணி ஷொப்பிங் பேக்குக்குள் நனையாமல் சுற்றுவதில் இருந்த கவனம் லொக் அவுட் செய்வதில் இருக்கவில்லை. ஜன்னலை மூடினேன், அவ்வளவுதான். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று அது கேட்டு, நான் ஓம் என்று அழுத்தினேனா என்பதுகூட நினைவில்லை. கடைக்காரர் மேல் நான் பழி போடவில்லை. எனக்குப் பிறகு அந்தக் கதிரையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பில்டர்களை அழிக்குமுன் படம் எடுத்து வைத்தோம். நண்பர் தடுத்திருக்காவிட்டால் ஆத்திரத்தில் அழித்திருப்பேன். பிறகு அந்தப் போலி முகவரியை ‘போர்வர்டிங்’ பகுதியில் இருந்து நீக்கினோம். மீட்பு மெயில் முகவரியைப் பார்த்தால், நான் 6 வருடத்துக்கு முன் விட்டுவந்த கம்பனியின் முகவரி! அதை மாற்றினேன். பாஸ்வேர்டை இன்னொரு தரம் மாற்றி, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டேன். அந்த இரண்டாம் படிக்குப் போன் கையில் இல்லாவிட்டால் பாவிக்க கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். பிரிண்ட் எடுத்து வைத்திருங்கள் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டயறியின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதினேன்.

அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் போவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். படங்களை இணைத்து முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கள்ளன் கொடுத்த கணக்கு இருந்த வங்கிக்கும் அறிவித்தேன். இரண்டு இடத்திலும் வேலை அதன் பாட்டில் போகிறது. எனக்கு உறுத்துவது வேறு. அந்த மெயில் பெட்டியில் அம்மாவின் பாஸ்போர்ட் பிரதியும் அடையாள அட்டையும் இருந்தன. பாஸ்வேர்டை மாற்றலாம், அடையாள அட்டை இலக்கத்தை மாற்ற முடியாது. அதை அவன் பார்த்தானா, எடுத்தானா என்று எந்தப் பட்டியலிலும் தெரியவில்லை.

விசாக் காசு போன கிழமை வந்து சேர்ந்தது. அத்தான் என் மெயிலையும் நம்பவில்லை, வட்ஸ்அப்பையும் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வீட்டு லைனில் நேரே அம்மாவுக்கு எடுத்து, வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கு இலக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா நடுவில் 6ஐ 8 என்று வாசித்துத் திருத்த, அத்தான் திரும்பவும் முதலில் இருந்து வாசிக்க வைத்தாராம்.